பழைய பிரெஞ்சு வெள்ளிச் சாமான்: முத்திரையை வைத்துப் பட்டறைக் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

முதல் வேலை, தேய்க்காமல் இருப்பது. விபூதி வேண்டாம், புளி வேண்டாம், பித்தளை பாலிஷ் பக்கமே போக வேண்டாம். குத்துவிளக்கையும் சந்தனக் கிண்ணத்தையும் தேய்த்துத் தேய்த்தே வளர்ந்தவர்கள் நாம், கறுத்த வெள்ளியைப் பார்த்தால் கை சும்மா இருக்காதுதான். ஆனால் பிரெஞ்சு முத்திரைகள் பெரும்பாலும் அரிசியை விடச் சின்னவை. அந்தப் பள்ளத்தில் தேங்கிக் கிடக்கும் கறுப்புதான் உள்ளே இருக்கும் எழுத்தை எடுத்துக் காட்டுகிறது. அதைத் துடைத்துவிட்டால் பளபளக்கும் ஒரு குழி மட்டும் மிஞ்சும். தூசி இருந்தால் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், போதும்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில் பிரெஞ்சு வெள்ளிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைச் சாமியார்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே மலாயாவுக்கு வந்து தோட்டத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் நடுவில் வேலை செய்தவர்கள், பினாங்கில் குருமடமே நடத்தியவர்கள். கூடவே பூசைச் சாமான்களும் வந்தன. ரப்பரும் செம்பனையும் போட்ட கம்பெனிகளில் சொக்ஃபின் மாதிரி பிரெஞ்சு, பெல்ஜிய முதலோடு நடந்தவையும் உண்டு. புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களின் டிரங்குப் பெட்டியிலும் ஒன்றிரண்டு கரண்டி இருக்கலாம். துரைமார் ஊருக்குத் திரும்பியபோது பங்களாக் குசினிக்காரருக்கும் டிரைவருக்கும் கொடுத்துவிட்டுப் போன சாமான்கள் வேறு. அதெல்லாம் பேரப்பிள்ளைகள் காலத்தில் வீடு மாறும்போது பெசி புரோக், அதாவது பழைய இரும்பு வாங்குபவர் லாரியில் ஏறுகிறது, இல்லையென்றால் ஈப்போ பழம்பொருள் சந்தையில் துணி விரித்த தரையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்களாவிலிருந்து வந்த சாமான் என்றால் அது பெரும்பாலும் இங்கிலீஷ்காரன் சாமான். ‘இ.பி.என்.எஸ்.’ என்று நாலு எழுத்து இருந்தால் அது வெள்ளி முலாம், அவ்வளவுதான். நடந்து போகிற சிங்கம் இருந்தால் இங்கிலாந்து ஸ்டெர்லிங் வெள்ளி. நல்ல சாமான்தான், ஆனால் இந்தக் கட்டுரைக்கு அதில் வேலை இல்லை. மார்க்கே இல்லாமல் பூவேலை மட்டும் இருக்கும் வெற்றிலைச் செப்பு கிளந்தான் வெள்ளியாக இருக்கலாம், அடியில் சீன எழுத்து இருந்தால் சீனர் பட்டறை. பிரெஞ்சு வெள்ளி இவை எதிலும் சேராது, அதற்கென்று ஒரு தனி இலக்கணம் உண்டு.

எழுத்தைப் படிக்காதீர்கள், சட்டத்தைப் பாருங்கள்

புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லாரும் நேராக எழுத்துக்குப் போகிறார்கள். ‘ஏதோ ஈ.பி. போட்டிருக்கு அண்ணே, யாரு அது?’ என்றுதான் கேள்வி வரும். அந்த எழுத்து கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது எழுத்தைச் சுற்றியுள்ள சட்டத்தின் வடிவம்.

புரட்சிக்குப் பின் பிரான்ஸ் பழைய கில்டு முறையை, அதாவது தொழிலைக் கட்டுப்படுத்திய பட்டறைக்காரர் சங்க முறையை, ஒழித்துவிட்டு, 1797 நவம்பர் 9-இல் ஒரு புதுச் சட்டம் கொண்டு வந்தது. அதன்படி வெள்ளி வேலை செய்கிற ஒவ்வொரு பட்டறைக்காரரும் தன் முத்திரையைச் சாய்சதுரத்துக்குள் போட வேண்டும், அதாவது சீட்டுக்கட்டு டைமண்ட் மாதிரி. உள்ளே பெயரின் தலையெழுத்தும் கூடவே ஒரு சின்னமும் இருக்க வேண்டும். டைமண்ட் நின்றபடியும் இருக்கலாம், படுத்தபடியும் இருக்கலாம். கரண்டிக் காம்பு ஒடுக்கமானது என்பதால் பாதி டைமண்ட்தான் விழுந்திருக்கும், இரண்டு மூலை தெரிந்தாலே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே சட்டம் முலாம் சாமானுக்குச் சதுரச் சட்டத்தை ஒதுக்கியது. டைமண்ட் கெட்டி வெள்ளிக்கு, சதுரம் முலாமுக்கு. சந்தையில் நிற்கும்போது இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாதிப் பணம் மிச்சம்.

அடுத்தது அரசாங்க முத்திரை. பட்டறைக்காரர் தன் டைமண்டைத் தானே குத்திக்கொள்வார், ஆனால் வெள்ளியின் தரத்தை உரைத்துப் பார்த்துத் தர முத்திரை குத்துவது அரசாங்க அலுவலகம். 1838 மே மாதத்திலிருந்து 1973 வரை அந்த முத்திரை மினர்வா என்ற ரோமானிய தேவதையின் தலை, தலைக்கவசம் போட்டு வலது பக்கம் பார்த்தபடி. நெற்றிக்கு முன்னால் 1 என்று இருந்தால் ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி, நம் கடைகளில் விற்கும் 925-ஐ விட உசத்தி. தாடைக்குக் கீழே 2 இருந்தால் 800 பங்கு. சின்ன சாமான்களுக்கு, அதாவது மோதிரம், சின்னக் கரண்டி, மூடிப் பிடி மாதிரியானவற்றுக்கு, மினர்வா பெரிதாகப் போய்விடும் என்பதால் பாரிஸில் காட்டுப்பன்றித் தலையும் மற்ற ஊர்களில் நண்டும் குத்தினார்கள். இரண்டுக்கும் பொருள் குறைந்தது 800 என்பது.

1838-க்கு முந்தியது என்றால் 1819 வரை ஒரு கிழவன் தலை, அதற்கும் முந்தி 1798 வரை சேவல். சேவல் முத்திரை உள்ள சாமான் உங்கள் கைக்கு வந்தால் உட்கார்ந்து ஒரு தே தாரிக் குடித்துவிட்டு நிதானமாகப் பாருங்கள், அது நெப்போலியன் காலத்தையொட்டிய சாமான்.

மினர்வாவை மட்டும் வைத்துக்கொண்டு காலம் சொல்ல முடியாது, 135 வருடம் ஒரே தலைதான் ஓடியிருக்கிறது. அங்கேதான் டைமண்ட் உதவுகிறது. பட்டறைக்காரர் முத்திரையைப் பதிவு செய்த நாள் உண்டு, தொழிலை விட்டாலோ இறந்தாலோ அதைப் பதிவிலிருந்து நீக்கிய நாளும் உண்டு. அந்த இரண்டு நாளுக்கு இடையில்தான் அந்தச் சாமான் பிறந்திருக்க முடியும். ஆகவே யார் செய்தது என்று கண்டுபிடித்தால் எப்போது செய்தது என்பது தானாக வந்துவிடும்.

குடும்பம் இருப்பது சின்னத்தில்

தலையெழுத்து எத்தனையோ பேருக்கு ஒன்றாக இருக்கும். பாரிஸ் மாதிரி ஊரில் ஒரே காலத்தில் ஜே.பி. என்று எத்தனை பட்டறை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம் தோட்டத்தில் மூன்று முருகன் இருந்தால் கடை முருகன், லாரி முருகன், கோயில் முருகன் என்று பிரிக்கிறோமே, அந்த வேலையைத்தான் டைமண்டுக்குள் இருக்கும் சின்னம் செய்கிறது. விளக்கு, கத்தி, குரங்கு, தேனீ, நட்சத்திரம், எதுவாகவும் இருக்கலாம்.

அப்பாவின் பட்டறையை மகன் எடுத்துக்கொள்ளும்போது பெரும்பாலும் புது முத்திரை பதிவாகும். முதல் பெயர் மாறுவதால் எழுத்து மாறும். ஆனால் வாடிக்கையாளருக்குப் பழகிப்போன சின்னத்தை விட்டுவிட யாருக்கும் மனது வராது. அதனால் பல குடும்பங்களில் சின்னம் அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகும். எழுத்து ஆளைச் சொல்லும், சின்னம் வீட்டைச் சொல்லும். தேடும்போது சின்னத்தை வைத்து வீட்டைப் பிடியுங்கள், அப்புறம் எழுத்தை வைத்து அந்த வீட்டில் எந்தத் தலைமுறை என்று பாருங்கள்.

இதற்கு நல்ல உதாரணம் ஜெர்மேன் குடும்பம். தொமா ஜெர்மேன் 1673-இல் பிறந்து 1748-இல் இறந்தவர், அரசனுக்கு வெள்ளி வேலை செய்தவர். அவர் முத்திரையில் டி.ஜி. என்ற எழுத்தோடு ஓர் ஆட்டுத் தோல், புராணக் கதைகளில் வரும் தங்கத் தோல். மகன் ஃபிரான்சுவா-தொமா வந்தபோது எழுத்து எஃப்.டி.ஜி. ஆனது, ஆட்டுத் தோல் அப்படியே நின்றது. 1755-இல் லிஸ்பன் பூகம்பத்தில் போர்ச்சுகல் அரண்மனை வெள்ளியெல்லாம் போனபின் புதிதாகச் செய்து அனுப்பச் சொல்லி அரச குடும்பம் ஆர்டர் கொடுத்தது இந்த மகனிடம்தான். அப்படியும் 1765-இல் மகன் திவாலானார், அது வேறு கதை. அதே காலத்தில் பியேர் ஜெர்மேன் என்று இன்னொரு பேர்போன வெள்ளிக்காரர் பாரிஸில் இருந்தார், இவர்களுக்குச் சொந்தமே இல்லை. குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து உறவு சொல்லக் கூடாது, சின்னத்தைக் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

19-ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் ஒதியோ குடும்பம். ழான்-பாதிஸ்த்-கிளோது ஒதியோ 1763-இல் பிறந்து 1850 வரை வாழ்ந்தவர். அவர் டைமண்டில் ஜே.பி.சி.ஓ. என்ற நாலு எழுத்தும் பழங்கால எண்ணெய் விளக்கு ஒன்றும் இருக்கும். அலாவுதீன் படத்தில் வருமே, அந்த வடிவம். 1827-இல் மகன் ஷார்ல்-நிக்கொலா பட்டறையை எடுத்துக்கொண்டார், அப்பாவின் முதல் பெயர் எழுத்துகள் போய்விட்டன. பிற்காலச் சாமான்களில் ‘ஒதியோ, பாரிஸ்’ என்று முழுப் பெயரும் பக்கத்திலேயே குத்தியிருப்பதுண்டு, அது இருந்தால் தேடும் வேலையே இல்லை. விளக்கு தெரிந்து, கிழவன் தலையும் இருந்தால் 1819-க்கும் 1838-க்கும் நடுவே. எழுத்து அப்பாவுடையதா மகனுடையதா என்று பார்த்தால் அந்த இருபது வருடம் இன்னும் சுருங்கிவிடும். இப்படித்தான் இரண்டு முத்திரையையும் ஒன்றோடொன்று மோதவிட்டுக் காலத்தை ஒடுக்கிக்கொண்டே வர வேண்டும்.

மார்த்தேன்-கியோம் பியெனே நெப்போலியனுக்குச் சாமான் செய்து கொடுத்தவர். முத்திரையில் பி (B) என்ற எழுத்தும் குரங்கும் இருக்கும். அவர் கடையின் பெயர்ப்பலகையே ஊதாக் குரங்குதான், பாரிஸில் சேன்-ஒனோரே தெருவில். கில்டு இருந்த காலத்தில் வெள்ளி வேலை செய்ய உரிமையில்லாதவர் அவர், பெட்டி, விளையாட்டுப் பலகை மாதிரி சின்ன மரச்சாமான் செய்துகொண்டிருந்தார். கில்டு ஒழிந்ததும் இந்தப் பக்கம் வந்துவிட்டார். கடைப் பலகையில் இருந்ததே முத்திரைக்குள்ளும் ஏறியது. வெள்ளிக்காரர்களின் சின்னம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போது தெருவில் அவர்கள் மாட்டிய பலகையையும் தேடிப் பாருங்கள், சில நேரம் விடை அங்கே கிடைக்கும்.

இந்த விதிக்கு அடங்காத வீடும் உண்டு. புய்ஃபொர்கா குடும்பம் 1820-இல் பாரிஸில் தொடங்கியது. அவர்கள் டைமண்டில் இ.பி. (E.P.) என்ற எழுத்தும் நடுவில் ஒரு பேனாக் கத்தியும் இருக்கும். இ என்பது எமில். ஆனால் அதே குடும்பத்தில் பிற்காலத்தில் வந்த ழான் புய்ஃபொர்கா, 1897-இல் பிறந்து 1945-இல் இறந்தவர், நேர்கோடும் வட்டமுமாக நவீன வெள்ளி செய்து உலகப் பெயர் வாங்கியவர், அவர் சாமான்களிலும் அதே இ.பி.-தான், அதே கத்திதான். சின்னம் மட்டுமில்லை, எழுத்தும் மாறவே இல்லை. பக்கத்தில் அவர் பெயரை முழுதாகத் தனியே குத்தியிருப்பார்கள். ஆகவே இ.பி. என்று பார்த்த உடனே எமில் காலத்துச் சாமான் என்று விலை சொல்லிவிடாதீர்கள், சாமானின் உருவத்தையும் பாருங்கள். வளைவும் பூமாலையும் மெடாலியனுமாக இருந்தால் ஒரு காலம், வழவழவென்று அலங்காரமே இல்லாமல் இருந்தால் வேறு காலம்.

எழுத்துகளைப் படிப்பதில் சில சில்லறை விஷயங்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஐ என்ற எழுத்தையும் ஜே என்ற எழுத்தையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள், ஐ என்று தெரிந்தால் ழாக், ழான் என்ற பெயர்களையும் தேடுங்கள். வி மட்டும் முன்னால் நின்றாலோ, வி-வி-இ என்று மூன்று எழுத்து இருந்தாலோ அது விதவை. கணவன் இறந்தபின் பட்டறையைத் தன் பெயரில் நடத்திய பெண்கள் பிரான்ஸில் நிறைய, அவர்கள் முத்திரையில் அதை வெளிப்படையாகவே போட்டார்கள். ‘ஃபீஸ்’ என்று உச்சரிக்கப்படும் எஃப்-ஐ-எல்-எஸ் வந்தால் மகன், ‘ஃப்ரேர்’ என்றால் அண்ணன் தம்பிகள், சி-ஐ-இ என்றால் கம்பெனி. ஒரே சின்னத்தோடு முதலில் தனி எழுத்து, அடுத்து விதவை, அப்புறம் மகன் என்று மூன்று முத்திரை கிடைத்தால் ஒரு குடும்பத்தின் நாற்பது ஐம்பது வருடக் கதை உங்கள் மேசையில் கிடக்கிறது என்று அர்த்தம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். கரண்டியின் காம்பில் அழகாகச் செதுக்கியிருக்கும் கிரீடம், கேடயம், பின்னிப் பிணைந்த எழுத்து, இதெல்லாம் வாங்கியவர் குடும்பத்துடையது, செய்தவருடையது இல்லை. செதுக்கியது வேறு, குத்தியது வேறு. விரலால் தடவினாலே தெரியும். பிரெஞ்சுக் கரண்டியில் இந்தச் செதுக்கல் பெரும்பாலும் காம்பின் பின்பக்கத்தில் இருக்கும். அவர்கள் மேசையில் கரண்டியையும் முள்கரண்டியையும் கவிழ்த்து வைப்பது வழக்கம், அப்போது பின்பக்கம்தான் விருந்தாளிக்குத் தெரியும். சந்தையில் பின்பக்கம் செதுக்கிய கரண்டியைப் பார்த்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள், அது பிரெஞ்சாக இருக்கலாம் என்பதற்கு முதல் தடயம் அது.

புரட்சிக்கு முந்தைய சாமான்களுக்கு டைமண்ட் கிடையாது. அங்கே பட்டறைக்காரர் முத்திரையில் மேலே கிரீடம் வைத்த லில்லிப்பூ, இரண்டு சின்னப் புள்ளி, பெயரின் எழுத்து, சின்னம், எல்லாம் சட்டமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அந்த இரண்டு புள்ளியை அழகுக்கு வைத்தது என்று நினைக்காதீர்கள். அன்றைய பாரிஸ் தரம் ஏறக்குறைய 958, அதில் இரண்டு கிரெய்ன் (தரத்தை அளந்த அன்றைய சின்ன அளவு) வரை குறைந்தால் பரவாயில்லை என்று அனுமதி, அதற்கு அடையாளம்தான் அது. இதோடு இன்னும் மூன்று முத்திரை சேரும். சாமான் அரைகுறையாக உருவானதும் வரிக் குத்தகைக்காரர் ஒன்று குத்துவார், பாரிஸ் என்றால் அது ‘ஏ’ எழுத்து. கில்டு தரம் பார்த்துவிட்டுக் கிரீடம் வைத்த ஓர் எழுத்தைக் குத்தும், அது வருடத்துக்கு வருடம் மாறும், காலத்தைச் சொல்வதும் அதுதான். வேலை முடிந்து வரி கட்டியதும் கடைசியாக ஒரு பொடி முத்திரை. நாலும் இருந்தால் நல்லது. ஆனால் இந்த வகை கைக்கு வருவது அபூர்வம்: போர்ச் செலவுக்காக 1689-இலும் 1709-இலும் 1759-இலும் வெள்ளியை உருக்கக் கொடுக்கச் சொல்லி அரசர்களே கேட்டார்கள், மிஞ்சியதில் நிறையப் புரட்சியில் போனது.

அபூர்வம் என்பதாலேயே போலியும் அதிகம். ஜெர்மனியில் ஹானாவ் என்ற ஊரின் பட்டறைகள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பழைய பாணிச் சாமான் செய்து, லில்லிப்பூவும் கிரீட எழுத்தும் மாதிரி முத்திரைகளையும் போட்டு விற்றன. குண்டுக் குழந்தைகளும் பூக்கூடையும் அப்பிய சாமானில் வரிசையாக நாலு முத்திரை, ஒரே உயரம், ஒரே இடைவெளி, எல்லாம் அச்சு மாதிரி சுத்தம் என்றால் சந்தேகப்படுங்கள். உண்மையான நாலு முத்திரையும் வேறு வேறு நாளில், வேறு வேறு கையால் குத்தியவை, அவை வரிசையாக நிற்காது.

ஏமாற்றுகிற இடங்கள்

கிறிஸ்தோஃப்ல் பெயர் தெரியாத பழம்பொருள் வியாபாரி இல்லை. ஷார்ல் கிறிஸ்தோஃப்ல் 1842-இல் மின்முலாம் பூசும் காப்புரிமையைப் பிரான்ஸுக்கு வாங்கியவர், அந்தக் குடும்பத்தின் பெயர் பரவியதே முலாம் சாமானால்தான். கெட்டி வெள்ளியும் செய்தார்கள், அதில் டைமண்டுக்குள் இரண்டு சி-யும் தேனீயும் இருக்கும். முலாமில் தராசு இருக்கும், சட்டம் டைமண்டாக இருக்காது. ‘கிறிஸ்தோஃப்ல்’ என்று முழுப் பெயர் இரண்டிலும் வரும், அதனால் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். மினர்வா இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் முலாம்.

இன்னொரு பொறி 84 என்ற எண். பிரெஞ்சு முலாம் கரண்டிகளில் 84 என்று குத்தியிருந்தால் அது ஒரு டஜன் செட்டுக்கு ஏற்றிய வெள்ளியின் கிராம் கணக்கு. சந்தையில் அதையே ‘எண்பத்து நாலு பெர்சென்ட் வெள்ளி பாஸ்’ என்று சொல்லி விற்பார்கள். ரஷ்யாவில் 84 என்பது வேறு, அது அவர்கள் பழைய தரக்கணக்கு, நம் கணக்கில் 875, நிஜ வெள்ளி. பக்கத்தில் இருக்கும் முத்திரைகளைப் பார்த்துத்தான் இது எந்த 84 என்று சொல்ல வேண்டும்.

அன்னப்பறவை இருந்தால் அது பிரெஞ்சு வேலை என்பதற்குச் சாட்சி இல்லை. 1893-க்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த, அல்லது ஏலத்தில் வந்து பிறப்பிடம் தெரியாத வெள்ளிக்கு பிரெஞ்சு அலுவலகம் குத்தியது அது. வெளிநாட்டுச் சாமானுக்கே போட்ட இன்னொன்று ஒரு சின்ன வண்டு, மூக்கு நீண்ட அந்துவண்டு. ஏற்றுமதிச் சாமானில் மினர்வாவுக்குப் பதில் மெர்க்குரியின் தலை, இறக்கை வைத்த தொப்பியோடு. கடல் கடந்து நேராக இந்தப் பக்கம் வந்த சாமானில் மினர்வா இல்லையே என்று தூக்கிப் போட்டுவிடாமல் மெர்க்குரியைத் தேடுங்கள்.

முத்திரை உண்மையா என்று பார்க்க எனக்கு மிகவும் பிடித்த வழி, அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது. பிரெஞ்சு அலுவலகத்தில் முத்திரை குத்தும்போது சாமானை வைக்கும் குட்டிப் பட்டடையிலேயே நுணுக்கமான செதுக்கல் இருக்கும், 1838-க்குப் பின் அதில் பூச்சி உருவங்கள். மேலே மினர்வா விழும்போது கீழே பூச்சியின் ஒரு துண்டு பதியும். லென்ஸில் பார்த்தால் காலோ இறக்கையோ மாதிரி ஏதோ கோடுகள் தெரியும். மினர்வாவை அழகாகக் கள்ளத்தனமாய் வெட்டத் தெரிந்தவனுக்கும் இதைச் சரியாகப் பதிய வைப்பது பெரும்பாடு. கரண்டி மாதிரி இரண்டு பக்கமும் எட்டுகிற சாமானில் இதைக் கட்டாயம் தேடுங்கள்.

மூடி உள்ள பாத்திரம் என்றால் உடலிலும் மூடியிலும் ஒரே டைமண்ட் இருக்க வேண்டும், இல்லையென்றால் மூடி எங்கிருந்தோ வந்த மூடி. அடியில் ஊசியால் கீறியது போல ஏதாவது எண்கள் இருந்தால் அழிக்காதீர்கள், அது பழைய எடை. எம், ஓ, ஜி என்ற எழுத்துகளோடு இருந்தால் மார், ஒன்ஸ், குரோ என்று படிக்க வேண்டும். ஒரு மார் ஏறக்குறைய 244.75 கிராம், அதில் 8 ஒன்ஸ், ஒரு ஒன்ஸில் 8 குரோ. இன்றைய தராசில் வைத்துப் பாருங்கள். தேய்மானத்தால் கொஞ்சம் குறைந்திருந்தால் சரி, கூடியிருந்தால் யாரோ எதையோ பிற்காலத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

பூசைக் கிண்ணங்களுக்குத் தனிக் கணக்கு. 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கிண்ணங்கள் நிறையவற்றில் மேல் கோப்பை மட்டும்தான் வெள்ளி, தண்டும் பாதமும் பித்தளையில் தங்க முலாமோ வெள்ளி முலாமோ. கோப்பையின் விளிம்பை ஒட்டி வெளிப்பக்கம் மினர்வாவும் டைமண்டும் இருக்கும், பாதத்தில் ஒன்றும் இருக்காது. அதில் தவறேதும் இல்லை, செய்யும்போதே அப்படித்தான். கோயில் சாமான் செய்வதற்கென்றே பாரிஸில் புசியெல்க்-ருஸான், லியோனில் அர்மான்-கலியா போன்ற குடும்பங்கள் இருந்தன, தலைமுறை தலைமுறையாக அதே தொழில். இந்தக் கிண்ணத்தை நீங்களாகத் திருகிக் கழற்றாதீர்கள், ஃபாதரிடமோ உபதேசியாரிடமோ கேளுங்கள். யாராவது இதைச் சந்தையில் நீட்டினால் எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்று கேட்டுவிட்டுத்தான் முத்திரையைப் பாருங்கள். பதில் சரியில்லை என்றால் வாங்காதீர்கள்.

பதிவு எடுப்பது

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும், நகைக்கடைப் பத்தர்கள் கண்ணில் வைப்பது. வெளிச்சம் நேராக விழக் கூடாது, பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜன்னலோரம் நல்லது, கைத்தொலைபேசி டார்ச்சைப் படுக்க வைத்துப் பிடித்தாலும் சரி. முத்திரை மேல் ஒரு முறை வாயால் ஊதினால் பனி படிந்து மறையும் அந்த நொடியில் தேய்ந்த கோடுகள் தெரியும்.

மிகவும் தேய்ந்திருந்தால் பழைய வழி ஒன்று இருக்கிறது. மெழுகுவத்திப் புகையில் முத்திரையை லேசாகக் காட்டிக் கரி படியவிட்டு, ஆறியதும் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டிவிடுங்கள். டைமண்டும் உள்ளே இருப்பதும் கறுப்பு வெள்ளையில் வந்துவிடும். கத்திகளுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். வெள்ளிப்பிடி உள்ளே பொள்ளல், அதை அரக்கு மாதிரி ஒரு பசையால் நிரப்பியிருப்பார்கள், சூடு பட்டால் இளகி அலகு ஆட ஆரம்பிக்கும். அமிலம் ஊற்றிச் சோதிப்பதும் வேண்டாம், முத்திரை பேசும்போது அமிலத்துக்கு வேலை இல்லை.

எழுதிக்கொள்ளும்போது வரிசை இதுதான்: சட்டத்தின் வடிவம், அரசாங்கத் தலை எது, எண் எங்கே இருக்கிறது, சின்னம் என்ன மாதிரி தெரிகிறது, எழுத்து மேலேயா கீழேயா பக்கத்திலா, கடைசியாக என்ன எழுத்து. சின்னம் புரியவில்லை என்றால் ஊகித்து எழுதாமல் பார்த்ததை அப்படியே வரையுங்கள். ‘மேலே கூர், கீழே வட்டம்’ என்று எழுதினால் நாளைக்கு அது விளக்காகவோ பேரிக்காயாகவோ தெரியலாம், ‘பேரிக்காய்’ என்று முடிவு கட்டி எழுதிவிட்டால் பேரிக்காயைத் தேடியே நாள் போகும். லூவ்ர் மாதிரி பெரிய மியூசியங்களின் இணையப் பட்டியல்களில் சாமானின் படத்தோடு அதன் முத்திரையைச் சொற்களால் விவரித்திருப்பார்கள். எழுத்தைப் போட்டுத் தேடுவதை விட, சின்னத்தின் பிரெஞ்சுப் பெயரோடு டைமண்டுக்கான பிரெஞ்சுச் சொல் ‘லொஸான்ஜ்’ என்பதையும் சேர்த்துத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். கிடைத்த பெயரின் பதிவு வருடத்தை உங்கள் தலை முத்திரையோடு ஒத்துப் பாருங்கள்: மினர்வா இருக்கும் சாமானுக்கு 1830-இல் முத்திரைப் பதிவு நீக்கப்பட்ட ஆள் பொருந்தவே மாட்டார், அடுத்த பெயருக்குப் போங்கள்.

விற்கும் எண்ணம் இருந்தால் அடகுக்கடைக்குக் கொண்டு போகாதீர்கள், அங்கே எடைதான் பேசும், விளக்கும் கத்தியும் குரங்கும் பேசாது. டைமண்டின் தெளிவான படம், மினர்வாவின் படம், பின்பக்கப் பூச்சியின் படம், தராசில் சாமான் இருக்கும் படம், இந்த நாலையும் எடுத்து வைத்துக்கொண்டு வெள்ளி தெரிந்த ஏலக்காரரிடம் பேச்சை ஆரம்பியுங்கள். அதுவரைக்கும் சாமானைச் செய்தித்தாளில் சுற்றாமல் பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி, ரப்பர் பேண்ட் போடாமல் வையுங்கள். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு போட்டுவிடும்.